தோற்றியவர்

மூன்று பீடங்கள், மூன்று குறிகள்.
விஞ்ஞானத்தார் நட்சத்திரம் போடுவார்கள்.
வணிகத்தார் அடைப்புக்குள் ஓர் 'ஆர்'.
தொழில்நுட்பத்தார் குறியே போடுவதில்லை,
பழைய தரத்தின் மேல் கோடு கீறி
புதியதைப் பக்கத்தில் எழுதி
சுருக்கொப்பம் வைத்துவிட்டுப் போவார்கள்.

துளசிகாவின் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டு
கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருந்தது:
இந்த நட்சத்திரம் சிறப்புத் தேர்ச்சியா?
பதில் வரைய ஒன்பது நாள் எடுத்தோம்.
அதற்குள் அவளுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்று
மூதவையின் சுற்றறிக்கை
என் மேசைக்கு வந்த வெள்ளிக்கிழமை
பம்பைமடுவில் கரண்ட் இல்லை.
யன்னலைத் திறந்தேன்.
செம்மண் தூசி உள்ளே வந்து
மூன்று பீடத்துக் கோப்புகளிலும்
ஒரே மாதிரி அமர்ந்தது.

கூட்டத்தில் நான் குறிப்பெடுப்பவள், பேசுவதில்லை.
திரும்ப எழுதினவனுக்கு 'சி'க்கு மேல்
கொடுக்கக் கூடாது என்றார் ஒருவர்.
கொடுக்கலாம், ஆனால் தெரிய வேண்டும் என்றார்
அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.
யாருக்குத் தெரிய வேண்டும்?
கலாநிதி ஃபர்சானா கேட்டதை எழுதினேன்.
பதிலை எழுதவில்லை,
அந்நேரம் வடை வந்துவிட்டது.

தமிழில் என்ன போடுவது என்றார்கள்.
மீளத் தோற்றியவர், என்றேன்.
பிரதிப் பதிவாளர் தட்டெழுதிய வரைவில்
ஓர் இகரமும் யகரமும் எங்கோ கழன்று விழுந்து
மீளத் தோற்றவர் என்று வந்தது.
ஒருவரும் கவனிக்கவில்லை.
சிவப்புப் பேனையால் திருத்தினேன்.
அவ்வளவுதான் இடைவெளி,
பரீட்சைக்கு வந்ததற்கும்
அதில் விழுந்ததற்கும்.

வராதவருக்கும் இனி ஒரே குறி, 'ஏபி'.
பதினான்கு நாளுக்குள் வைத்தியர் கடிதம் தந்தால் 'எம்சி'.
மாங்குளத்து பஸ் பழுதானால் ஏபி.
முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்து
தெருவை மூடினால் ஏபி.
விடிய எழும்ப மறந்தவனும் ஏபி.
ஒலுமடுச் சந்தியில் யானை நின்றதற்குக்
கடிதம் தர
எந்த வைத்தியரும் இல்லை.

எனக்கும் ஒன்று இருக்கிறது.
இரண்டாயிரத்து எட்டு, உயர்தரம்,
இரசாயனவியல்: வரவில்லை.
அன்று உழவு இயந்திரப் பெட்டியில்
கட்டில் சட்டங்களோடும் கோழிக்கூட்டோடும்
தருமபுரம் பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தேன்.
அனுமதி அட்டை சட்டைக்குள் இருந்தது.
வியர்வையில் சுட்டெண் ஊறி
கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்று
எனக்கே தெரியாமல் போனது.
அடுத்த வருடம் முகாமில் எழுதினேன்.
முதல் தடவைக்கு என்ன நடந்தது என்று
எந்த நேர்முகத்திலும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ,
தெரியாது.

நேற்று கவுண்டருக்கு வந்தான் நிலோஜன்.
புள்ளிவிபரவியல், மூன்று தரம்.
மிஸ், இந்த நட்சத்திரங்களை எடுக்கேலாதே?
வங்கியில பார்க்கிறாங்களாம்.
எடுக்கேலாது.
ஒண்டையாவது?
புது முறையில ஒண்டுதான் தம்பி,
எத்தனை தரம் எழுதினாலும் ஒண்டுதான்.
கொஞ்சம் யோசித்தான்.
அப்ப எனக்கு ரெண்டு லாபம், என்று சிரித்து
கையொப்பம் வைத்தான்,
பெட்டிக்கு வெளியே.

அவன் போனபின்
மாதிரிப் படிவத்தை அச்சிட்டுப் பார்த்தேன்.
அடியில், எறும்பு அளவு எழுத்தில்,
குறிகளின் விளக்கம்.
மீளத் தோற்றியவர்.
'றி' மட்டும் மங்கலாய் விழுந்திருந்தது.
டோனர் முடிகிறது.
கோரிக்கைப் படிவம் நிரப்பினேன்,
அவசரமா என்ற இடத்தில்
ஆம் என்று சரி போட்டேன்,
மூன்றாம் தடவையாக.